அம்மாவின் 2 வருட இருமல் நிற்குமா?

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது. கல்யாணம் ஆனதிலிருந்து பீடி சுற்றுகிறார். 2 வருடமாக வறட்டு இருமல். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சளிப் பரிசோதனையில் டிபி இல்லை என்று வந்துவிட்டது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நாலைந்து டாக்டர்களைப் பார்த்தாயிற்று, பாட்டில் பாட்டிலாக டானிக் குடித்தாயிற்று. எந்த மருந்து நல்லது என்றுதான் கேள்வி தொடங்குகிறது. ஆனால் கடைசி வரியில், "பக்கத்து வீட்டு அத்தைக்கும் இதே மாதிரி வந்தது, மூணு மாசத்தில் போயிட்டு. அம்மாவுக்கு மட்டும் ஏன் போகலை, இனி ஆயுசுக்கும் இப்படித்தானா?" என்கிறார். இதுதான் அவர் உண்மையில் கேட்க வந்தது. ஒரே மாதிரித் தெரிகிற இருமல் ஒருவருக்கு நின்றுபோவதும் இன்னொருவருக்கு வருடக்கணக்கில் இழுப்பதும் எதனால்?

நான் நெஞ்சு நோய் மருத்துவன். திருநெல்வேலி, தென்காசி பக்கத்து ஆட்களைத்தான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். உங்கள் அம்மாவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்காமல், சாப்பிடும் மாத்திரைகளை வாங்கிப் பார்க்காமல், "இதுதான் காரணம்" என்று எழுதுவது தவறு. அதைச் செய்யப் போவதில்லை. எந்த வரிசையில் யோசிக்க வேண்டும், எது உறுதி, எது சந்தேகம் என்று சொல்கிறேன். அதை வைத்து நேரில் பார்க்கும் டாக்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

வயது வந்தவர்களுக்கு 8 வாரம் தாண்டி நீடிக்கும் இருமலை நாள்பட்ட இருமல் என்கிறோம். சளிக் காய்ச்சல் வந்துபோன பிறகு மிச்சமாக நிற்கும் இருமல் பெரும்பாலும் அதற்குள் தானாகவே அடங்கிவிடும். பக்கத்து வீட்டு அத்தைக்கு வந்தது இந்த வகையாக இருக்கலாம், கொஞ்சம் கூடுதலாக இழுத்திருக்கலாம். அவருக்கு எந்த மருந்து கொடுத்திருந்தாலும், ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தாலும் போயிருக்கும். அதனால் அவர் குடித்த டானிக்கின் பெயரைக் கேட்டு வாங்கி அம்மாவுக்குக் கொடுப்பதில் பயன் இல்லை. உலக அளவில் பார்த்தால் வயது வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நாள்பட்ட இருமல் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் வந்த அதிசய வியாதி இல்லை இது.

என் அனுபவமும் படித்ததும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன. இருமல் நிற்காமல் இருப்பதற்கு, முதலில் அதைக் கிளப்பிவிட்ட காரணத்தைவிட, இன்றைக்கும் தினமும் அதைத் தூண்டிக்கொண்டிருக்கும் காரணம் முக்கியம். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அம்மா எதை மூச்சில் இழுக்கிறார், எதை விழுங்குகிறார் என்று பார்க்க வேண்டும். அந்தத் தூண்டுதல் அப்படியே இருக்க, மேலே டானிக் ஊற்றிக்கொண்டிருந்தால் இருமல் போகாது. இரண்டாவது காரணம் நரம்பு. பல மாதம் இருமிய தொண்டையின் நரம்பு, தூண்டுதல் குறைந்த பிறகும் சும்மா இருக்கப் பழகாது. இந்த இரண்டில் அம்மாவுக்கு எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

முதலில் பிரஷர் மாத்திரை. அட்டையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில், பெரிண்டோபிரில் என்று கடைசியில் "பிரில்" என முடிகிறதா? முடிந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உடம்பில் பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் தேங்கி, தொண்டை நரம்பைக் கிளறிவிடுவதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. மாத்திரை தொடங்கிய அன்றைக்கும் இருமல் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். பல மாதம் கழித்து வருவதால்தான் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. பிரஷரைப் பார்க்கும் டாக்டர் ஒருவர், இருமலைப் பார்க்கும் டாக்டர் இன்னொருவர். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது பெரிய நன்மை, எத்தனையோ பேர் பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுவது அதனால்தான். ஆனால் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் "எனக்கு இருமல் இருக்கு" என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால்தானே அது டாக்டர் வரை போகும்? பெயர் "பிரில்" என்று இருந்தால் தானாக நிறுத்திவிட வேண்டாம், பிரஷர் எகிறிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்தில் இருமல் அடங்கும், சிலருக்கு 3 மாதம் வரை ஆகலாம். பத்து நாளில் போகவில்லை என்று பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். அது வேண்டாம்.

அடுத்தது பீடி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், முக்கூடல், மேலப்பாளையம் என்று நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இந்த வேலை நடக்கிறது. மடியில் சொளகை (முறத்தை) வைத்துக்கொண்டு, குனிந்து, முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் புகையிலைத் தூளை அள்ளி அள்ளி இலைக்குள் வைத்துச் சுற்றுகிறார்கள். வாயில் பீடி வைத்ததே இல்லை என்பார்கள். ஆனால் தூள் மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. பீடி சுற்றுகிறவர்களிடம் இருமலும் மூச்சிறைப்பும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருப்பது வேறு இடத்தில். ஒரு குறிப்பிட்ட பெண்ணின் இருமல் தூளால்தானா என்று எந்த ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் உறுதியாகச் சொல்லிவிடாது. அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனைதான் உண்டு. கல்யாணம், கோயில் கொடை, மகள் வீடு என்று பத்துப் பதினைந்து நாள் சொளகைத் தொடாமல் இருந்த சமயத்தில் இருமல் குறைந்ததா? திரும்ப உட்கார்ந்ததும் கூடியதா? இதற்கு ஆமாம் என்று பதில் வந்தால், ஸ்கேன் சொல்வதைவிட அது எனக்கு அதிகம் சொல்கிறது. இதுவரை அப்படி ஒரு இடைவெளியே கிடைத்ததில்லை என்றால், முடிந்தால் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அந்த வருமானத்தில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள், பிஎஃப்பும் அதில்தான் இருக்கிறது. விட முடியாது என்றால் தூளைக் குறைக்கலாம். கதவை அடைத்துக்கொண்டு உள்ளறையில் உட்காராமல், காற்றோட்டமான திண்ணையிலோ தார்சாவிலோ உட்காருங்கள். தூளைக் காயவைப்பது, கொட்டுவது, சலிப்பது எல்லாம் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும், காற்று முகத்துக்கு எதிராக அடிக்காத பக்கமாக. சொளகைத் தட்டி உதறாதீர்கள், உட்கார்ந்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள், வாரியலால் பெருக்க வேண்டாம். தூளும் இலையும் இருக்கிற அறையில் படுக்க வேண்டாம். முகக்கவசம் நல்லதுதான், ஆனால் நம் வெயிலில் எட்டு மணி நேரம் அதைக் கட்டிக்கொண்டு யாரும் சுற்ற மாட்டார்கள் என்பதையும் நான் அறிவேன். தூளைக் கொட்டும்போதும் சலிக்கும்போதும் மட்டுமாவது கட்டச் சொல்லுங்கள்.

தூள் மட்டும் இல்லை, புகையும் உண்டு. கேஸ் அடுப்பு வீட்டில் இருந்தாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் உடைமர விறகு எரிகிறதா என்று பாருங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அது அம்மாவின் தொண்டைக்கும் சேர்த்துத்தான். இன்னொன்றை யாரும் புகை என்றே நினைப்பதில்லை, கொசுவர்த்திச் சுருள். மூடிய அறையில் ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரித்தால் வரும் அளவு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வலை கட்டிக்கொள்ளுங்கள். சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும் என்றாலும், அம்மா அந்த நேரம் வாசலில் இருக்கட்டும்.

இதெல்லாம் வெளியிலிருந்து வருவது. உள்ளே இருந்து தூண்டுவதில் நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருக்கிறவர்களுக்கு மூன்று காரணங்கள்தான் அடிக்கடி வருகின்றன: மூக்கு, ஆஸ்துமா வகை, வயிற்று அமிலம். மூக்கடைப்பு, தும்மல், தொண்டைக்குள் ஏதோ வழிகிற மாதிரி ஓயாத செருமல் இருந்தால் மூக்கைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா என்றால் மூச்சு வாங்கும், விசில் சத்தம் வரும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். வெறும் இருமலாக மட்டும் வருகிற ஆஸ்துமா உண்டு. விடியக்காலையிலும், குளிர்ந்த காற்றிலும், சிரித்தாலும் வேகமாக நடந்தாலும் கூடுகிற இருமல் என்றால் அந்தப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை அதற்கு உதவும். ஆனால் அது சரியாக இருந்துவிட்டால் ஆஸ்துமா இல்லை என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் நல்ல நேரத்தில் ஊதினால் நன்றாகத்தான் வரும். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். அது கூடியிருப்பவர்களுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து பெரும்பாலும் நன்றாகக் கேட்கும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான இருமல்கள் தீராமல் தங்கிவிடுகின்றன என்பது என் கருத்து. காரணத்தைச் சரியாகவே கண்டுபிடித்திருப்பார்கள், மருந்தைப் பாதியில் விட்டிருப்பார்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே இரண்டு நாளில் ஒன்றும் செய்யாது, சில வாரம் தினமும் அடிக்க வேண்டும். இன்ஹேலரை 4 முதல் 8 வாரம் விடாமல் எடுத்தால்தான் கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். "இன்ஹேலர் பழகிப்போகும்", "அது கடைசிக் கட்டத்துக்கு" என்று யாராவது சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பழகாது. உறிஞ்சும் மருந்தில் உடம்புக்குள் போகும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு, எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டால் போதும். எடுக்கும் விதமும் முக்கியம். மாத்திரையை உள்ளே போட்டு உறிஞ்சும் கருவியில் உறிஞ்சுவதற்குப் பதில் ஊதிவிடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். மருந்து கேட்கவில்லை என்று வருகிற யாரிடமும் முதலில் "எடுத்துக் காட்டுங்க" என்றுதான் சொல்வேன். அப்புறம், ஒரே ஆளுக்கு இரண்டு காரணம் சேர்ந்து இருப்பது சாதாரணம். மூக்குக்கு மருந்து கொடுத்து இருமல் பாதி குறைந்தால் "பலன் இல்லை" என்று அதை நிறுத்திவிட்டு அடுத்த டாக்டரிடம் போய் ஆஸ்துமாவுக்கு மருந்து வாங்குவார்கள், அதிலும் பாதிதான் குறையும். பாதி குறைந்ததை வைத்துக்கொண்டு மேலே மற்றொன்றைச் சேர்த்திருந்தால் நின்றிருக்கும். டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பதால் வரும் நஷ்டம் இதுதான், ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஐந்து பேரைப் பார்த்ததற்குப் பதில் ஒருவரிடமே ஐந்து தடவை போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறை சொல்லவில்லை. இரவெல்லாம் இருமுகிற ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

வயிற்று அமிலம் பற்றி உறுதியாகப் பேச எனக்குத் தயக்கம் இருக்கிறது. நெஞ்சுக்கரிப்பு, புளித்த ஏப்பம், எதுக்களிப்பு இருந்து, சாப்பிட்டதும் படுத்ததும் இருமல் கூடினால், அமில மாத்திரையை 2, 3 மாதம் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. அந்த அறிகுறி ஒன்றுமே இல்லாதவருக்கு இருமலுக்காக மட்டும் அந்த மாத்திரை கொடுத்துப் பெரிய பலன் இல்லை என்பதே இன்றைய நிலைப்பாடு. ஆனாலும் நம் ஊரில் எந்தச் சீட்டைப் பார்த்தாலும் முதல் வரியில் கேஸ் மாத்திரை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, உடம்பு எடையைக் கொஞ்சம் குறைப்பது ஆகியவை செலவில்லாதவை, கெடுதலும் இல்லாதவை. எடை கூடியவர்களுக்கு இருமல் நீடிப்பது அதிகம் என்பதற்கும் சான்று இருக்கிறது. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி நரம்பு. எல்லாக் காரணத்தையும் தேடி, சிகிச்சையும் முழுதாகக் கொடுத்த பிறகும் இருமுகிறவர்கள் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வயது ஐம்பதைச் சுற்றி. பெண்களின் இருமல் அனிச்சை ஆண்களைவிட எளிதில் தூண்டப்படுவது சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். அந்த வயதில் ஏன் கூடுகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. இவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: தொண்டையில் ஒரு கமறல், ஒரு அரிப்பு, உடனே இருமல். கடுகு தாளிக்கிற நெடி, மிளகாய் வறுக்கிற நெடி, ஊதுபத்தி, சென்ட், பஸ்ஸில் அடிக்கிற காற்று, கொஞ்ச நேரம் தொடர்ந்து பேசுவது என எது வேண்டுமானாலும் கிளப்பிவிடும். தூங்கும்போது பெரும்பாலும் இராது. மற்றவரை ஒன்றும் செய்யாத சின்னத் தூண்டுதலுக்கு இவர்கள் நரம்பு பெரிதாகத் துள்ளுகிறது. இருமினால் தொண்டை இன்னும் புண்ணாகிறது, புண்ணானால் இன்னும் இருமல். சொறியச் சொறிய ஆறாத சிரங்கு மாதிரி.

இதற்கு மருந்தைவிட எனக்கு நம்பிக்கை தருவது பயிற்சி. பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் இருமல் அடக்கும் முறைகள் பலன் தருகின்றன என்று முறையான ஒப்பீட்டு ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறது. கமறல் வந்த அந்த நொடியில் இருமாமல் எச்சிலை விழுங்க வேண்டும், அல்லது ஒரு வாய் தண்ணீரைச் சப்பி விழுங்க வேண்டும். பிறகு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும். செருமும் பழக்கத்தை விட வேண்டும், தொண்டையைச் செருமுவதும் சின்ன இருமல்தான். பீடி சுற்ற உட்காரும்போது பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். முதல் வாரம் முடியவே முடியாது என்றுதான் தோன்றும், ஒன்றிரண்டு மாதத்தில் பழகும். இது வறட்டு இருமலுக்குத்தான், சளி வருகிறவர்கள் அடக்கக் கூடாது. நரம்பைத் தணிக்கும் காபாபென்டின் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு உதவுகின்றன. தலைசுற்றலும் தூக்கமும் வரும், நிறுத்தினால் இருமல் திரும்புவதும் உண்டு, அதனால் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இருமல் நரம்பையே குறிவைத்து வந்த ஜெஃபாபிக்ஸன்ட் என்ற மருந்துக்கு ஜப்பான் 2022-லும் ஐரோப்பா 2023-லும் அனுமதி கொடுத்தன, அமெரிக்கா மறுத்துவிட்டது. நாக்கில் ருசி கெடுவது அதன் பெரிய தொல்லை.

காற்றுக் காலத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கத் தொடங்கியதும் தென்காசியில் சாரல், கிழக்கே ஆலங்குளம் பக்கம் வெறும் காற்றும் மண்ணும். அந்த இரண்டு மூன்று மாதத்தில் என்னிடம் வரும் இருமல்காரர்கள் கூடுகிறார்கள். பிறகு மார்கழிப் பனி. பிறகு பிசான நெல் அறுவடையின் தூசி. இப்படி ஒன்று விட்டு ஒன்று வருவதால், ஆவணியில் அடங்கிய இருமல் மார்கழியில் திரும்பினால் "மருந்து கேட்கவில்லை" என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு வருடத்துக்கு, எந்த மாதம் எவ்வளவு இருமல் என்று ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சான்று இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எக்ஸ்ரே சரியாக இருக்கிற வறட்டு இருமலுக்கு. தினமும் கப் கணக்கில் சளி வந்தால் கதை வேறு. முன்பு டிபி வந்து குணமானவர்களுக்கு நுரையீரலில் தழும்பு விழுந்து, மூச்சுக்குழாய் விரிந்து, அதில் சளி தேங்கும். டிபி கிருமி இல்லை, ஆனாலும் இருமல் இருக்கும். அதை முழுதாக நிறுத்த முடியாது, சளியைத் தினமும் வெளியேற்றும் பயிற்சியால் அடக்கி வைக்கலாம். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், புறா வளர்க்கிறவர்கள், நடந்தால் மூச்சு வாங்குகிறவர்கள் என்றால் சாதாரண எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் சிடி ஸ்கேன் தேவைப்படலாம். யானைக்கால் கிருமியால் வரும் ஒருவகை ஈசினோபில் இருமலும் நம் தமிழ்நாட்டில் உண்டு. இரவில் கூடும், ரத்தத்தில் ஈசினோபில் 3,000-க்கும் மேலே போய்விடும், சரியான மாத்திரையை 3 வாரம் கொடுத்தால் கேட்கும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம், அதனால்தான் சொல்கிறேன். டிபி இல்லை என்று ஒரு தடவை வந்ததை 2 வருடத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே டிபி பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி, அரசு மருத்துவமனைகளில் இலவசம். எடை குறைதல், சாயங்காலக் காய்ச்சல், இரவு வேர்வை, சளியில் ரத்தம், குரல் மாறிப்போய் அப்படியே நிற்பது, நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இந்தப் பதிலை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே போய்க் காட்டுங்கள்.

கைமருந்து பற்றிக் கேட்கவில்லை, ஆனால் செய்துகொண்டுதான் இருப்பீர்கள். ஆடாதோடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதிலுள்ள வாசிசினை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது. ஆனால் அது சளியை இளக்கும் மருந்து, வறட்டு இருமலில் இளக்குவதற்கு ஒன்றும் இல்லை. சுக்குக் காபி, கருப்பட்டியும் மிளகும், தேன் எல்லாம் தொண்டைக்கு இதம், கொடுக்கலாம், சர்க்கரை வியாதி இருந்தால் கருப்பட்டியும் தேனும் பார்த்து. கடை டானிக்குகளை நிறுத்திவிடுங்கள். 2 வருடம் குடித்தும் நிற்காததற்கு இன்னொரு பாட்டில் பதில் ஆகாது. அந்த மிச்சப் பாட்டிலைப் பேரன் பேத்திகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். 2 வயதுக்குக் கீழே இருமல் டானிக் கூடாது, 5 வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது.

மகனிடம் அம்மா சொல்லாத ஒன்று இருக்கலாம். பல வருடம் இருமுகிற பெண்களில் நிறையப் பேருக்கு, இருமும்போது சிறுநீர் கசிகிறது. அதற்குப் பயந்துதான் கல்யாண வீட்டுக்கும் பஸ் பயணத்துக்கும் வர மாட்டேன் என்கிறார்கள். வெட்கப்பட்டு டாக்டரிடமும் சொல்வதில்லை. அக்காவோ தங்கச்சியோ மதினியோ இருந்தால் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். இடுப்புத் தசைப் பயிற்சி இருக்கிறது, சரி செய்யக்கூடிய தொல்லைதான். இருமலின் கனம் எவ்வளவு என்று எனக்குச் சரியாகக் காட்டுவதும் பல சமயம் அதுதான்.

ஆயுசுக்கும் இருக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2 வருடம் இருந்துவிட்டது என்பது கொஞ்சம் பாதகமான விஷயம்தான், நீண்ட நாள் இருந்த இருமல் மேலும் நீடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மாத்திரையின் பெயரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை, தூளை விட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை, இன்ஹேலரோ மூக்கு ஸ்பிரேயோ முழுதாக எடுத்ததாகவும் தெரியவில்லை. இதையெல்லாம் செய்து பார்க்காத இருமலைத் தீராத இருமல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. "பிரில்" மாத்திரைதான் காரணம் என்றால் முழுதாகவே போய்விடும். தூள், மூக்கு, ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் நன்றாகக் குறையும், காற்றுக் காலத்தில் தலைகாட்டும். நரம்புதான் காரணம் என்று ஆனால் முழுதாக நிற்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், தூங்கவும் பேசவும் வெளியே போகவும் முடிகிற அளவுக்குக் குறைக்க முடியும் என்று சொல்வேன்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய எக்ஸ்ரே, ரத்தச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தென்காசி அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் அவர்களுக்கான மருந்தகத்திலும் கேளுங்கள். போய், அம்மா எத்தனை வருடமாகப் பீடி சுற்றுகிறார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், "வீட்டில்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னதால் சீட்டில் "இல்லத்தரசி" என்று எழுதி, தூளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படாமல் திரும்பிய பெண்கள் நிறையப் பேர். "பிரில்" மாத்திரையாக இருந்தால் அதை மாற்றுவதை முதலில் செய்யுங்கள், ஒரு மாதம் பொறுங்கள், பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது கேட்டது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டி வரும். மாத்திரையின் பெயரை இங்கே எழுதினால், அது அந்த வகைதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.